குஷாய்குடாவில் பிசையாத ரொட்டி

1

போன வாரம் என் தகர அடுப்பின் அடி ஓட்டையாகிவிட்டது. அடுப்பு என்பது மரியாதைக்குச் சொல்வது. அது ஒரு எண்ணெய் டின். ஒரு பக்கத்தை வெட்டிக் கீல் வைத்துக் கதவாக்கி, உள்ளே குறுக்காகக் கம்பிகள் செருகியிருக்கிறேன். கரியடுப்பின் மேல் அதைத் தூக்கி வைத்து, தலையிலும் ஒரு தட்டில் தணலை அள்ளிப் போட்டால் அதற்குள் ரொட்டி வேகும். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் வெல்டிங் வைக்கும் ஆளிடம் கொண்டுபோனேன். அவன் விரலால் தட்டிப் பார்த்தான். விரல் உள்ளே போய்விட்டது.

"தாத்தா, இதுல தகரம் ஏது? துருவைத் துருவே பிடிச்சுக்கிட்டு நிக்குது," என்றான். அவன் சொன்னது தெலுங்கில். இந்த ஊரில் எனக்கு நடப்பதெல்லாம் தெலுங்கில்தான் நடக்கிறது, எழுதும்போது மட்டும் தமிழாகிவிடுகிறது.

டின்னைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் வைத்தேன். பழைய இரும்புக்காரனுக்குப் போடவேண்டியதுதான். அதற்கு முன்னால் அதைப் பற்றி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஊரில் இருப்பவர்கள் ஹைதராபாத்தை வெளிநாடு என்று சொல்லமாட்டார்கள். பாஸ்போர்ட் வேண்டாம், ஒரு ரயில் டிக்கெட் போதும். அசல் வெளிநாடும் எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுத் தூத்துக்குடியில் சரக்குக் கப்பல் ஏறினேன். கப்பல்களில் பாத்திரம் கழுவினேன். எண்ணெய்க் குழாய் போடுகிறவர்களின் பாலைவனக் கூடாரங்களில் சமையல்காரருக்கு எடுபிடியாக இருந்தேன். பம்பாயில் இரண்டு மழைக்காலம் நடைபாதையில் படுத்து எழுந்தேன். அங்கெல்லாம் திரும்பி வருவதற்காகவே போனதால் யார் பேச்சும் புரியாதது எனக்குப் பெரிதாகப் படவில்லை. இங்கேதான் பெண்டாட்டி பிள்ளையோடு வந்தேன். இங்கேதான் ரேஷன் கடையில் என் பெயரைக் கூப்பிட்டபோது, அது என் பெயர்தான் என்று தெரியாமல் வரிசையில் நின்றுகொண்டே இருந்தேன். அட்டையில் அப்பா பெயரை வீட்டுப் பெயராக்கி முன்னால் போட்டு, என் பெயரைப் பாதியாக வெட்டியிருந்தார்கள். திருத்தித் தரச் சொல்லி மூன்று அலுவலகம் ஏறினேன். கடைசியில் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன். அதுதான் சுலபமாக இருந்தது.

2

பிசையாத ரொட்டியை நான் கப்பலில்தான் முதலில் பார்த்தேன். யாரும் கற்றுத் தரவில்லை. ஒரு நாள் கடல் மோசமாக இருந்தது. மாவில் தண்ணீர் கூடுதலாக விழுந்து, கையில் ஒட்டிக்கொண்டு, பிசையவே முடியவில்லை. சமையல்காரர் திட்டிவிட்டு மாவை மூடி வைத்துப் படுக்கப் போய்விட்டார். மறுநாள் கடல் அடங்கியதும் திறந்தால் மாவு இரண்டு மடங்காகி, மேலெல்லாம் குமிழ் விட்டிருந்தது. கொட்ட மனமில்லாமல் அப்படியே சுட்டோம். தினமும் தோள் வலிக்கப் பிசைந்து சுட்ட ரொட்டியைவிட அது நன்றாக இருந்தது.

யோசித்துப் பார்த்தால் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. நம் வீடுகளில் தோசை மாவை யாராவது பிசைந்துகொண்டா இருக்கிறார்கள்? கரைத்து மூடி வைத்தால் அது பாட்டுக்குப் பொங்குகிறது. அதே கதைதான் இது.

செய்துபார்க்க விரும்புகிறவர்களுக்குச் சொல்கிறேன். மைதாவில் உப்பைக் கலந்து, தண்ணீர் விட்டு, கரண்டிக் காம்பால் கிளறினால் போதும். சப்பாத்தி மாவைவிட மிகவும் தளர்வாக, தோசை மாவைவிடக் கெட்டியாக, பசை மாதிரி இருக்கவேண்டும். பொங்குவதற்கு ஈஸ்ட் சேர்ப்பார்கள். செகந்திராபாத்தில் பெரிய கடைகளில் கிடைக்கும். ஆனால் எங்கள் வீட்டு வெயிலில் அது டப்பாவுக்குள்ளேயே செத்துவிடும். நான் சேர்த்தது கள்ளு. காலையில் இறக்கிய இனிப்புக் கள்ளு, ஒரு மருந்து பாட்டில் அளவு. இந்த ஊரில் அதற்கு ஒளிவுமறைவு தேவையில்லை. சைக்கிளில் பானை கட்டிக்கொண்டு விடியற்காலையில் போகிறவரை நிறுத்தி வாங்கிக்கொள்ளலாம். கலந்த மாவை மூடி வைத்துவிட்டு ஒரு ஷிப்ட் வேலை பார்த்துவிட்டு வரவேண்டும். பிறகு ஈரக் கையால் ஓரங்களை எடுத்து நடுவில் மடித்து, எண்ணெய் தடவிய அலுமினியப் பாத்திரத்தில் இறக்கி, சூடேறிய டின்னுக்குள் வைத்துக் கதவைச் சாத்தவேண்டும். சித்திரை மாதமானால் மாவு சீக்கிரம் முந்திக்கொள்ளும். டிசம்பரில் கம்பளி கேட்கும். இதில் தெரிந்துகொள்ள வேண்டியது அவ்வளவுதான்.

இதை ருசிக்காக நான் ஆரம்பிக்கவில்லை. எழுபதுகளின் நடுவில், எங்கள் மகள் கிரேஸுக்கு ஒன்பது வயதாகும்போது, என் மனைவி பாக்கியத்துக்குக் காசநோய் வந்தது. ஊரின் இன்னொரு கோடியில் இருந்த ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் வைத்துவிட்டார்கள். பால், முட்டை, ரொட்டி கொடுங்கள் என்றார் டாக்டர். வார்டில் தரும் ரொட்டி உதிர்ந்து தொண்டையில் இருமலைக் கிளப்புகிறது என்று பாக்கியம் அதைத் தொடவில்லை. நான் சுட்டதைப் பாலில் தோய்த்துச் சாப்பிட்டாள். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு பஸ் மாறி ஒரு ரொட்டி கொண்டுபோனேன். பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். கிரேஸ் வெளியே குரோட்டன்ஸ் செடிகளுக்கு நடுவில் நின்று, ஜன்னல் கம்பி வலை வழியாக அம்மாவைப் பார்ப்பாள்.

நான் அப்போது இங்குள்ள பெரிய எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பேக்கிங் பகுதியில் ஹெல்பர். மரப்பெட்டிக்கு ஆணி அடிக்கிற வேலை. ஒரு வாரம் காலை ஷிப்ட் என்றால் மறு வாரம் மதிய ஷிப்ட். குஷாய்குடாவின் வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. பக்கத்து வீட்டில் லட்சுமம்மா. அவர் கணவரும் அதே தொழிற்சாலையில் பெயின்ட் பகுதியில் இருந்தார். அந்த அம்மாவோடு எனக்குப் பேச்சு அதிகம் கிடையாது. எங்கள் அடுப்புக்குப் பின்னால் இருந்த சுவர்தான் இரண்டு வீட்டுக்கும் பொது. அந்தச் சுவரில் ஓரிடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்துகொண்டே இருந்தது. ஈரம் ஏறுகிறது, கட்டினவன் சிமெண்ட்டைத் திருடிவிட்டான் என்று வீட்டுக்காரரிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன்.

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாக்கியம் சொன்னாள்: "கிரேஸை அண்ணன்கிட்ட அனுப்பிருங்க. நான் எழுந்து வர்றது எப்பவோ தெரியலை. நீங்க ஷிப்டுக்குப் போனா அது தனியா கிடக்கு. எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது."

பாக்கியத்தின் அண்ணன் ஞானமுத்து அத்தான் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் மேஸ்திரி. சபையில் மூப்பர். நல்ல மனிதர். வீட்டில் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், வேளாவேளைக்குச் சாப்பாடு. என்னிடம் இல்லாத எல்லாம் அங்கே இருந்தது. வேண்டாம் என்று சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை. அவள் என் பிள்ளை என்பது ஒரு காரணமாகப் படவில்லை. அலைந்து திரிந்தவன் நான். குழந்தை பிறந்து நடக்க ஆரம்பித்த பிறகுதான் ஓரிடத்தில் உட்கார்ந்தேன். இப்போது அவளையே ரயிலேற்றச் சொல்கிறார்கள்.

அத்தானுக்குக் கடிதம் போனது. முழுப் பரீட்சை முடிந்ததும் வந்து கூட்டிப்போவதாகப் பதில் வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் டிசி கேட்கப் போனேன். கிளார்க் ஒரு தாளை எடுத்து, நான் சொல்லச் சொல்ல அவரே இங்கிலீஷில் எழுதினார்.

"காரணம்?"

"அவங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்லைங்க."

"அது லீவுக்குக் காரணம். டிசிக்குக் காரணம் சொல்லு."

நான் நின்றேன். "காரணம் தெரிஞ்சதும் வா," என்று தாளை ஓரமாக நகர்த்தி வைத்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன். எனக்கே தெரியாததை அவர் எப்படி எழுதுவார்?

கிரேஸிடம் அன்றைக்கே சொன்னேன். அவளுக்குத் தமிழ் புரியும், ஆனால் பதில் எந்தப் பாஷையில் வரும் என்று சொல்லமுடியாது.

"மாமா வீட்டுக்குப் போறியா? அங்க ரெண்டு அக்கா இருக்காங்க. கடல் இருக்கு."

"கைக்கு?" என்றாள். எதற்கு என்று அர்த்தம்.

"அம்மா சொன்னா."

அவள் சிலேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகும் வெகுநேரம் துடைத்தாள்.

4

செகந்திராபாத்தில் எங்கள் தமிழ்ச் சபைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள். தாத்தா லாலாகுடா ரயில்வே பட்டறையில், அப்பா ஏதோ பாதுகாப்பு ஆராய்ச்சிக்கூடத்தில். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் அம்மா தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்துத் தமிழில், "ஏ, செருப்பப் போடுடே," என்பாள். பையன், "ஹவ் பாபா, வேசுகுன்னா, போட்டாச்சு," என்று மூன்று பாஷையை ஒரே மூச்சில் விட்டுவிட்டு ஓடுவான். அந்த அம்மாக்கள் இதைப் பற்றி வருத்தப்பட்டுப் பேசிக்கொண்டே பஸ்ஸுக்கு நிற்பார்கள். பஸ் வந்ததும் கண்டக்டரிடம் சுத்தமான தெலுங்கில் சண்டை போடுவார்கள்.

போன ஞாயிறும் அப்படி நின்றுகொண்டிருந்தேன். பிள்ளைகள் பாஷையை விட்டுப் போகிறார்கள் என்று எல்லாரும் சொல்கிறோம். அந்த நாட்களில் எனக்கு இருந்த பயம் வேறு. என் பிள்ளை தூத்துக்குடிக்குப் போய் அழகான தமிழ் பேசப் பழகி, லீவில் வந்து என்னை, "வாங்க, நல்லா இருக்கீங்களா?" என்று விருந்தாளியைக் கேட்பதுபோலக் கேட்டுவிடுவாளோ என்பதுதான் அது.

5

அத்தான் சனிக்கிழமை வருவதாக எழுதியிருந்தார். அவருக்கு நல்ல ரொட்டி ஒன்று வைத்துக் கொடுக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. இந்த வீட்டிலும் அடுப்பு எரிகிறது, பிள்ளை பட்டினி கிடக்கவில்லை என்று அது அவருக்குச் சொல்லும். வாயால் சொல்ல எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை விடியலில் மாவைக் கலந்து, தோசை மாவு வைக்கிற அதே ஈயம் பூசிய பாத்திரத்தில் மூடி வைத்துவிட்டுக் காலை ஷிப்டுக்குப் போனேன்.

மதியம் சைக்கிளை நிறுத்தும்போதே வாசலில் பெரிய தோல் செருப்பு கிடந்தது. பக்கத்தில் டிரங்குப் பெட்டி. உள்ளே தோசைக்கல்லில் எண்ணெய் சீறும் சத்தம்.

அத்தான் தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கிரேஸ் தண்ணீர்ச் சொம்போடு நின்றாள். என் அடுப்புக்கு முன்னால் லட்சுமம்மா. அவர் கையில் கரண்டி. கரண்டிக்குக் கீழே என் ரொட்டி மாவுப் பாத்திரம்.

"வாரும் மாப்ளே," என்றார் அத்தான். "ஒரு நா முந்தியே வண்டியில எடம் கெடச்சிட்டு. பசியோட வந்தேன், இந்த அம்மா உக்கார வச்சிட்டாவ. ஆனா இது என்ன தோசைவே? இழுத்தா வருது, விட்டா திரும்பப் போவுது!"

லட்சுமம்மா என்னைப் பார்த்துத் திரும்பினார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்டுக் கற்ற தமிழ் அவருடையது. "ஏமய்யா, மாவு இப்படியா கலக்குவாங்க? ஒரே பங்க்கா, பசையா இருந்துச்சு. சொம்பு சொம்பா நீள்ளு ஊத்தினேன். அரவவாள்ளு வீட்டுல தோசை மாவு இல்லாம இருக்குமான்னு மூடியைத் திறந்தேன். உளுந்து போட மறந்துட்டியா?"

தமிழர்களை இங்கே அரவவாள்ளு என்பார்கள். தமிழர் வீட்டில் பாத்திரத்தில் ஏதாவது பொங்கிக்கொண்டிருந்தால் அது தோசை மாவாகத்தான் இருக்கவேண்டும் என்பது இந்த ஊர்க் கணக்கு. அதில் தப்புச் சொல்லவும் முடியாது.

"லட்சுமம்மா, அது ரொட்டி மாவு. டபுள் ரொட்டி."

கரண்டி நின்றது. கிரேஸ் சிரிப்பை அடக்கமுடியாமல், "நான் சொன்னேன்ல பின்னி! அது அட்டுப் பிண்டி காதுன்னு!" என்றாள். பின்னி என்றால் சின்னம்மா; அட்டுப் பிண்டி காது என்றால் தோசை மாவு இல்லை.

"சொன்னே, சொன்னே. மாமா பசியா வந்திருக்காரு, நோரு மூசுக்கோ, வாயை மூடுன்னு நானும் சொன்னேன்," என்று லட்சுமம்மா அடுத்த தோசையைத் திருப்பிப் போட்டார். "போகட்டும், நல்லா தானே வந்திருக்கு?"

அத்தானும் சிரித்தார். கை கழுவ எழுந்தவர், ஜன்னல் மேடையில் இருந்த மருந்து பாட்டிலை எடுத்து முகர்ந்தார். அவருடைய சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

"இது என்னது?"

"கள்ளு அத்தான். மாவு பொங்க."

"கள்ளு."

"ஒரு வாய்க்குக்கூடக் காணாது அத்தான்."

"எந்தங்கச்சி ஆஸ்பத்திரியில கெடக்கா. பிள்ள தனியா கெடக்கு. நீரு ஜன்னல்ல கள்ளு பாட்டில வச்சிக்கிட்டு மாவுக்குங்கீரு. எல்லாவனும் எதுக்காவதுன்னுதாம்வே சொல்லுவான்."

லட்சுமம்மாவுக்கு நிலைமை பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு உதவிக்கு வந்தார். "மாமகாரு, கோபம் எதுக்கு? இப்ப நீங்க நாலு அட்டு கள்ளு தின்னீங்க, ஒண்ணும் ஆகலையே?"

அத்தான் வாயைக் கொப்பளித்தார். ஒரு முறை கொப்பளித்துவிட்டு, இன்னொரு முறையும் கொப்பளித்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கிரேஸ் காதில் விழாத அளவுக்குக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒம்ம நான் குடிகாரன்னு சொல்லலை மாப்ளே. ஆனா நான் கதவத் தட்டும்போது திறந்தது ஒத்தப் பிள்ள. அடுத்த வீட்டுக்காரி வந்து அடுப்புப் பத்தவச்சாத்தான் இங்க சோறு. இதுவா குடித்தனம்? டிசிய வாங்கும். திங்கக்கிழம வண்டிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அவர் சொன்னது எல்லாமே நடந்ததுதான்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே கிரேஸ் அந்தப் பாத்திரத்தை எடுத்து, அடியில் ஒட்டியிருந்த பழைய மாவைச் சுரண்டினாள். அதில் மைதாவைக் கொட்டி, உப்புப் போட்டு, தண்ணீர் விட்டுக் கரண்டிக் காம்பால் கிளறினாள். கள்ளு இல்லாமல், பழைய மாவை வைத்தே பொங்கவைக்க நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. நான் செய்யும்போது பார்த்திருக்கிறாள்.

அத்தான் பைபிளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தார். "ஏட்டி, பிசையலியா?"

"நக்கோ மாமா, வேண்டாம். ஞாயித்துக்கிழமை அம்மாக்கு ரொட்டி வேணும்ல. இது விட்டா வந்துரும்."

6

சனிக்கிழமையும் எனக்குக் காலை ஷிப்ட். பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டே டிசி தாளில் எழுதவேண்டிய காரணத்தை யோசித்தேன். ‘தகப்பனால் பார்த்துக்கொள்ள முடியவில்லை.’ அதைத் தெலுங்கில் சொல்ல எனக்குத் தெரியும். தமிழில்தான் வாய் வரவில்லை.

வீடு திரும்பியபோது எங்கள் வாசலில் புகை. முற்றத்தில் கரியடுப்பு, அதன் மேல் தகர டின், டின்னின் தலையில் தணல். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பழைய பேப்பரால் விசிறியபடி என் அத்தான். மீசையில் சாம்பல்.

"காலையிலேயே மாவு மூடியத் தள்ளிட்டுய்யா," என்றார் என்னைப் பார்த்ததும். குரலில் நேற்றைய கடுமை இல்லை. "உம்ம மக, அப்பா வர்ற வர தாங்காது, புளிச்சிரும், இப்பவே சுடணும்னா. கரி எங்கே, டின்னு எங்கேன்னு என்னைய வேல வாங்கிட்டா. ஒரு ரொட்டிய எடுத்தாச்சு. அடி கருகிட்டு. அது எங்கையால கருகினது, பிள்ளையத் திட்டாதியும். இது ரெண்டாவது."

கிரேஸ் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். தலையில் இரட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன். நான் போகும்போது அவிழ்ந்த தலையோடு படுத்திருந்தாள். எனக்குப் பின்னல் போடத் தெரியாது. இத்தனை மாதங்களில் அவள் தலையைப் பின்னியது யார் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. தானே பின்னிக்கொள்கிறாள் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

அத்தான் விசிறுவதை நிறுத்தினார்.

"மாப்ளே, நீரு வேலைக்குப் போனப்புறம் இந்த வீட்டுல என்ன நடக்குன்னு உமக்குத் தெரியுமாவே?"

"என்ன அத்தான்?"

"பிள்ள எந்திரிச்சா. எந்திரிச்சதும் கரண்டியால அந்தச் சொவத்தத் தட்டினா. டொக்கு டொக்குனு. எனக்கு ஒண்ணும் வெளங்கலை. அந்தப் பக்கத்துல இருந்து திரும்பத் தட்டுச் சத்தம் வருது. அடுத்த நிமிசம் அந்த அம்மா சீப்பும் கையுமா வந்து நிக்காவ. தலய வாரிப் பின்னிக்கிட்டே திட்டுதாவ. என்னமோ தெலுங்குல திட்டு. இவ பதிலுக்குத் திட்டுதா. பொறவு ரெண்டு பேரும் சிரிக்காவ. அந்த அம்மா அவிய வீட்டுக்குப் போனாவ. குளிச்சிட்டு ஒரு தட்டு. பால் வாங்கியாந்து ஒரு தட்டு. சோறு தின்னு முடிச்சிட்டு ஒரு தட்டு. ஒவ்வொண்ணுக்கும் அங்கயிருந்து பதில் தட்டு. நீரு மத்தியான ஷிப்டுக்குப் போற வாரம் இருட்டினப்புறமும் இப்பிடித்தானாம். நீரு வந்து கதவத் தட்டுத வரைக்கும் அந்த அம்மா படுக்கவே மாட்டாவளாம்."

நான் உள்ளே போய் அடுப்புக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தேன். காரை பெயர்ந்த இடம் ஒரு ஒன்பது வயதுப் பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் இருந்தது. ஈரம் ஒன்றும் இல்லை. தொட்டால் உலர்ந்த மண் உதிர்ந்தது. சிமெண்ட் திருடியதாக நான் பழி போட்டவன், அதைக் கட்டினவன், நல்லவனாகத்தான் இருக்கவேண்டும்.

வெளியே வந்தேன். "டிசி..." என்றேன்.

"நாளைக்குப் பாக்கியத்தப் பாத்துட்டுச் சொல்லுதேன்," என்று அத்தான் மறுபடி விசிற ஆரம்பித்தார். "அந்த டின்னுக் கதவத் திறந்து பாரும். எனக்குப் பயமா இருக்கு."

7

இரண்டாவது ரொட்டி நன்றாக வந்திருந்தது. அதை லட்சுமம்மா வீட்டுக்குக் கொடுக்கவேண்டும் என்று கிரேஸ் பிடிவாதம் பிடித்தாள். கொடுத்துவிட்டோம். அவர் அதை வாங்கி முகர்ந்துவிட்டு, "என்ன, இதுலயும் மாமகாருக்குக் கள்ளு இருக்கா?" என்று சுவர் அதிரச் சிரித்தார். அடி கருகியதைத் துணியில் சுற்றிக்கொண்டு நாங்கள் மூவரும் ஞாயிறு காலை பஸ் ஏறினோம்.

வழக்கம்போல கிரேஸை வெளியே நிறுத்தினார்கள். அவள் சுற்றிக்கொண்டு போய் ஜன்னலுக்கு நேராகச் செடிகளுக்கு நடுவில் நின்றாள். பாக்கியம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் அழுதாள். அழுது இருமி, இருமல் நின்றதும் முதலில் கேட்டது அதைத்தான்.

"டிசி வாங்கியாச்சா அண்ணே?"

"வாங்கலை."

"ஏன்? ஆபீசுல தரலியா? இவங்களுக்குப் பேசத் தெரியாது, நீங்க போயிருக்கலாமே."

"பாக்கியம், நான் சொல்லுதத நிதானமாக் கேளு." அத்தான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். "எங்க வீட்டுல பிள்ளைக்கு ஒரு கொறயும் வராது. உங்க அண்ணி தாங்குவா. ஆனா பிள்ள இங்க தனியா இல்ல. அவ சொவத்தத் தட்டினா அந்தப் பக்கத்துல இருந்து பதில் வருது. நான் ரெண்டு காதாலயும் கேட்டேன். எங்க வீட்டுச் சொவத்தத் தட்டினா அந்தப் பக்கம் தென்னந்தோப்புதான்."

பாக்கியத்துக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். சுவர், கரண்டி, ரிப்பன், தோசை என்று முன்னும் பின்னுமாகச் சொன்னேன். கள்ளு பாட்டில் பற்றி அத்தானே சொன்னார். அந்த இடத்தில் அவள் சிரித்து, மறுபடி இருமினாள். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளையை அனுப்பச் சொன்னவள் அவள். அவள் வேண்டுமென்றால் திங்கட்கிழமை வண்டி இருந்தது. அத்தானும் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் துணியைப் பிரித்து ரொட்டியை அவள் மடியில் வைத்தேன். அவள் அதைத் திருப்பி அடியைப் பார்த்தாள். கரிக்கட்டையாக இருந்தது. நகத்தால் சுரண்டினாள். ஒரு துண்டைப் பிய்த்துப் பாலில் தோய்க்காமல் அப்படியே வாயில் போட்டு மென்றாள். நாங்கள் இருவரும் இருமலை எதிர்பார்த்தோம். வரவில்லை.

ஜன்னல் பக்கம் திரும்பி, "ஏட்டி கிரேஸ், இது நீ சுட்டதா?" என்றாள்.

"ஹவ்மா. மாமா விசிறினாரு."

"அடியெல்லாம் தீஞ்சு போச்சே."

கிரேஸ் கம்பி வலையில் முகத்தை அழுத்திக்கொண்டு நின்றாள். வலையின் கட்டங்கள் அவள் மூக்கில் பதிந்திருந்தன.

பாக்கியம் இன்னொரு துண்டைப் பிய்த்தாள். "மேல தணல் போடு. கீழ இவ்வளவு வேண்டாம்," என்றாள். "அடுத்த வாரம் கொண்டு வரும்போது பாக்குறேன்."